அது வேறு விஷயமா?

கேள்வி: எங்கள் சபையில் மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் நடந்தது. கடைசி இரவு அப்படி அழுதேன், இனி முழு இருதயத்தோடு ஆண்டவருக்காக வாழ்வேன் என்று ஒப்புக்கொடுத்தேன். திங்கட்கிழமை காலை எம்ஆர்டி ரயிலில் நசுங்கிக்கொண்டு நின்றபோதே எல்லாம் வடிந்துபோனது. இப்போது ஜெபித்தால் சுவரோடு பேசுவதுபோல இருக்கிறது. (நாத்தனார் வாங்கிய 3,000 வெள்ளியைத் திருப்பித் தராததால் இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை, அது வேறு விஷயம்.) நான் அழுதது வெறும் உணர்ச்சிதானா?
- ஒரு சகோதரி, ஈசூன்

பதில்: வடிந்துபோனதற்குப் பயப்படாதீர்கள், சகோதரி. ஷார்ட் ஸ்ட்ரீட் தமிழ் மெதடிஸ்ட் திருச்சபைக்காரர்கள் தங்கள் முன்னோடியாகச் சொல்லும் ஜான் வெஸ்லியைப் பாருங்கள். 1738 மே 24 இரவு லண்டனில் ஒரு சிறு கூட்டத்தில் அவருடைய உள்ளம் அனலானது, அது எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆனால் 1739 ஜனவரியில் அதே மனிதர் தன் நாட்குறிப்பில், நான் இப்போது கிறிஸ்தவன் அல்ல என்று எழுதிவைத்தார்! அப்படி எழுதிய மூன்றே மாதத்தில் பிரிஸ்டலில் வெட்டவெளியில் நின்று பிரசங்கிக்கத் தொடங்கினார். அனல் திரும்பட்டும் என்று காத்துக்கொண்டிருக்கவில்லை.

என் கண்ணில் பட்டது உங்கள் கண்ணீர் இல்லை, நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்ட வரிதான். வேதத்தில் 2 நாளாகமம் 25-ஐ எடுத்து வாசியுங்கள். யூதாவின் ராஜா அமத்சியா நல்லதைத்தான் செய்தான், ஆனால் முழுமனதோடு செய்யவில்லை என்று அந்த அதிகாரம் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறது. ஏதோமியரோடு போருக்குப் போக 100 தாலந்து (அந்தக் கால எடை அளவு) வெள்ளி கொடுத்து இஸ்ரவேலில் கூலிப்படை பிடித்தான். அவர்களைக் கூட்டிப்போகாதே என்று தேவமனுஷன் சொன்னதும் அவன் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? அப்போ நான் கொடுத்த 100 தாலந்து என்னாவது? கர்த்தர் அதைவிட அதிகம் தர முடியும் என்று பதில் வந்தது. சரி, படையை அனுப்பிவிட்டான். போரிலும் ஜெயித்தான். ஆனால் திரும்பி வரும்போது ஏதோமியரின் விக்கிரகங்களைத் தூக்கிவந்து கும்பிட்டான். கீழ்ப்படிந்தான்தான், ஆனால் உள்ளே ஒரு அறையைப் பூட்டியே வைத்திருந்தான் என்று எனக்குத் தோன்றும்.

பணத்தை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை, 3,000 வெள்ளி சும்மா வருவதில்லை, கேட்பதில் தப்பும் இல்லை. இந்த வாரம் நாத்தனார் வீட்டுக்குப் போய் ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். முதல் நாளே பணப் பேச்சை எடுக்காதீர்கள். வசனமும் சொல்ல வேண்டாம், தயவுசெய்து! அப்புறம் ஜெபித்துப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு இரவு ஷிப்ட். உபவாச ஜெபம் எதற்கும் போக முடிவதில்லை. அரைமனதுக் கிறிஸ்தவன் ஆகிவிட்டேனா?
- ஒரு வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: இல்லை. எதைச் செய்தாலும் மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள் என்று பவுல் கொலோசெயருக்கு எழுதினாரே, அந்த வரி அங்கே நேராக அடிமைகளுக்குச் சொன்னது. விருப்பப்பட்ட நேரத்தில் கூட்டத்துக்குப் போகிற வசதி அவர்களுக்கு ஏது? களைத்துப்போய்ச் சாகக் கேட்ட எலியா தீர்க்கதரிசியைக்கூட தூதன் தட்டியெழுப்பிச் சாப்பிடத்தான் சொன்னான், அவரும் சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். நீங்களும் முதலில் தூங்குங்கள், தம்பி.