நான் எழுதாத பெயர் பிழைச் செய்தியில் வருவது ஏன்?

கேள்வி: யூனிட்டி கேம் எஞ்சினில் முதல்முறையாக ஷேடர் (பொருள் திரையில் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் நிரல்) எழுதுகிறேன். 'ஆப்டேட்டா_பேஸ்' என்பது தெரியவில்லை என்று வந்த பிழை, 'யூனிட்டிசிஜி' கோப்பை இன்க்ளூட் செய்ததும் நீங்கிவிட்டது. இப்போது '_மெயின்டெக்ஸ்_எஸ்டி' அறிவிக்கப்படவில்லை என்கிறது. அந்தப் பெயரை நான் எங்குமே எழுதவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று எல்லா இன்க்ளூட் கோப்புகளையும் சேர்த்துவிடலாமா?

பதில்: இன்க்ளூட் என்பது, அந்தக் கோப்பில் உள்ள உரை முழுவதையும் அந்த வரி இருக்கும் இடத்தில் அப்படியே ஒட்டுவதுதான். 'ஆப்டேட்டா_பேஸ்' என்ற ஸ்ட்ரக்ட் (பல மதிப்புகளின் தொகுப்பு) யூனிட்டிசிஜி கோப்பில் இருப்பதால் முதல் பிழை தீர்ந்தது. உச்சியின் (வெர்டெக்ஸ்) இடம், நார்மல் (பரப்பு நோக்கும் திசை), ஒரு யுவி (டெக்ஸ்சர் படத்தில் எந்த இடம் என்று சொல்லும் எண்கள்) ஆகிய மூன்றும் அதில் உண்டு. டேஞ்சென்ட்டும் (பரப்பை ஒட்டிச் செல்லும் திசை) தேவையென்றால் 'ஆப்டேட்டா_டேன்' என்பதை எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது பிழையும் அதே கோப்பிலிருந்து வருவதுதான். யுவியைக் கணக்கிட 'டிரான்ஸ்ஃபார்ம்_டெக்ஸ்' என்று எழுதியிருப்பீர்கள். அது ஃபங்ஷன் அல்ல, மேக்ரோ; அதாவது கம்பைல் ஆகும்முன் வேறு உரையாக மாற்றப்படும் பெயர். நீங்கள் கொடுக்கும் டெக்ஸ்சரின் பெயரோடு '_எஸ்டி' என்ற பின்னொட்டைச் சேர்த்து ஒரு புதிய பெயரை அது உருவாக்குகிறது. யுவியை அந்த மாறியின் முதல் இரண்டு எண்களால் பெருக்கி, அடுத்த இரண்டைக் கூட்டுகிறது. மெட்டீரியலில் நீங்கள் மாற்றும் டைலிங், ஆஃப்செட் மதிப்புகளே அந்த நான்கு எண்கள். மதிப்பை யூனிட்டி நிரப்பிவிடும், ஆனால் மாறியை அறிவிப்பது உங்கள் பொறுப்பு. சாம்ப்ளரை (டெக்ஸ்சரைப் படிக்க உதவும் மாறி) அறிவித்த வரிக்குக் கீழே ஃப்ளோட்4 வகையில் அதே பெயரை அறிவித்தால் பிழை போய்விடும்.

எல்லாக் கோப்புகளையும் சேர்க்க வேண்டாம். பயன்படாத ஃபங்ஷன்களைக் கம்பைலர் நீக்கிவிடும் என்பதால் விளையாட்டின் வேகம் குறையாது; ஆனால் உங்கள் பெயர்களும் அந்தக் கோப்புகளின் பெயர்களும் மோதிக்கொள்ளும். சிஜிப்ரோக்ராம் என்று தொடங்கும் பகுதியில் 'எச்எல்எஸ்எல்சப்போர்ட்', 'யூனிட்டிஷேடர்வேரியபிள்ஸ்' இரண்டும் தாமாகவே சேர்ந்துவிடும். ஒளியின் நிறம் தேவைப்படும்போது 'லைட்டிங்', நிழல் தேவைப்படும்போது 'ஆட்டோலைட்' என்று ஒவ்வொன்றாகச் சேருங்கள்.

ஆட்டோலைட்டில் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 'டிரான்ஸ்ஃபர்_ஷேடோ' மேக்ரோ, வெளியீட்டு ஸ்ட்ரக்டில் இடத்தைக் குறிக்கும் உறுப்புக்கு 'பாஸ்' என்றும், உள்ளீட்டுக்கு 'வி' என்றும் பெயர் இருக்கும் என்று எதிர்பார்க்கிறது. யூனிட்டி தரும் அன்லிட் வார்ப்புருவிலோ அந்த உறுப்பின் பெயர் 'வெர்டெக்ஸ்'. நிழல் சேர்க்கும்போது அதை மாற்றாவிட்டால், இதேபோல் நீங்கள் எழுதாத வரியில் பிழை காட்டும்.

இத்தகைய பிழை வந்தால் கோப்பையே திறந்து படியுங்கள். என் அனுபவத்தில் இதைவிடச் சிறந்த ஆவணம் இல்லை. விண்டோஸில், எடிட்டர் நிறுவப்பட்ட இடத்தில் 'டேட்டா' கோப்புறைக்குள் 'சிஜிஇன்க்ளூட்ஸ்' என்று இருக்கும்.

மேலே சொன்னவை யூனிட்டி காட்சியை வரையும் முறைகளில் ஒன்றான பில்ட்-இன் பைப்லைனுக்கு உரியவை. உங்கள் ப்ராஜெக்ட் யுஆர்பியில் (யுனிவர்சல் ரெண்டர் பைப்லைன் என்ற மற்றொரு முறை) இருந்தால், எச்எல்எஸ்எல்ப்ரோக்ராம் என்று தொடங்கி, யூனிட்டிசிஜிக்குப் பதிலாக அந்தப் பேக்கேஜின் 'ஷேடர்லைப்ரரி' கோப்புறையிலுள்ள 'கோர்' கோப்பைச் சேருங்கள். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் ஒரே பெயர் இருமுறை வரையறுக்கப்பட்டதாகப் பிழைகள் வரும்.