பாடம் எடுத்தவர் ஹால்ஸி

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் பசிபிக் கடலின் பெலெலியூ தீவில் அமெரிக்கப் படை பட்ட பாடு வீண் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். கேந்திர முக்கியத்துவம் உள்ள தீவு என்றால் ரத்தம் சிந்தித்தான் ஆகவேண்டும். ஏ.சி. அறையில் உட்கார்ந்துகொண்டு தளபதிகளுக்குப் பாடம் எடுக்கலாமா? (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: எங்கள் அலுவலகத்தில் மின்விசிறிதான், அதுவும் மின்சாரம் இருந்தால். போகட்டும். பாடம் எடுத்தது நானல்ல, அமெரிக்கக் கடற்படையின் அட்மிரல் ஹால்ஸி. 1944 செப்டம்பரில் அவருடைய கப்பற்படை விமானங்கள் பிலிப்பைன்ஸைத் தாக்கியபோது ஜப்பானின் எதிர்ப்பு எதிர்பார்த்ததைவிட மிகவும் பலவீனமாக இருந்தது. பெலெலியூவை விட்டுவிடலாம், நேரே பிலிப்பைன்ஸின் லெய்ட்டே தீவுக்குப் போகலாம் என்று 13ஆம் தேதி மேலிடத்துக்குச் சொல்லிவிட்டார். பெலெலியூவில் தரையிறங்க வேண்டிய நாள் 15. மேலிடம் பாதியைக் கேட்டது: லெய்ட்டே தாக்குதல் டிசம்பரிலிருந்து அக்டோபருக்கு வந்தது. மீதியை, அதாவது பெலெலியூவை விட்டுவிடுவதை, பசிபிக் கடற்படைத் தலைவர் நிமிட்ஸ் ஏற்கவில்லை. படை புறப்பட்டாயிற்று, இனி நிறுத்த நேரமில்லை என்பது அவர் வாதம். கல்யாணத்தை வேறு மண்டபத்துக்கு மாற்றிவிட்டு, வாழைமரம் வாங்கியாயிற்றே என்று பழைய மண்டபத்திலும் பந்தி போட்டதைப் போல.

பெலெலியூவில் இறங்கிய மரைன் (கடலிலிருந்து தரையிறங்கிப் போரிடும்) படையின் தளபதி மேஜர் ஜெனரல் ரூபர்ட்டஸ் மூன்று நான்கு நாளில் வேலை முடிந்துவிடும் என்றார். அதை நம்பிப் பத்திரிகையாளர்கள் பலர் அந்தப் பக்கமே போகவில்லை. (எங்கள் தொழிலின் லட்சணம் அன்றும் அப்படித்தான்.) மூன்று நாள் குண்டு பொழிந்த போர்க்கப்பல்கள், சுட இலக்கே இல்லை என்று ஓய்ந்தன. இலக்குகள் பாறைக்குள் இருந்தன. ஜப்பானியத் தளபதி கர்னல் நகாகவா கடற்கரையில் வீராவேசமாகப் பாய்ந்து சாகும் பழைய முறையை விட்டு, உமுர்புரோகோல் குன்றுகளின் சுண்ணாம்புக் குகைகளுக்குள் ஆட்களை வைத்திருந்தார். ஒரு மரைன் ரெஜிமெண்ட் மட்டும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் இறந்தவர்களும் காயமடைந்தவர்களுமாக 1,700 பேருக்கு மேல் இழந்தது. வெயிலோ 46 டிகிரி. குடிக்க வந்த தண்ணீரில் எண்ணெய் நாற்றம். எரிபொருள் பீப்பாய்களைச் சரியாகக் கழுவாமல் நிரப்பியிருந்தார்கள்.

நீங்கள் சொல்லும் கேந்திர முக்கியத்துவம் அங்கிருந்த விமானத்தளம். அது இரண்டாம் நாளே கைக்கு வந்துவிட்டது. பிறகு அங்கிருந்து கிளம்பிய கோர்சேர் விமானங்கள் எதைத் தாக்கின தெரியுமா? ஓடுபாதைக்குப் பக்கத்திலேயே இருந்த அதே குன்றுகளை. தூரம் அவ்வளவு குறைவு என்பதால் விமானிகள் சக்கரத்தை உள்ளே இழுக்கக்கூட மெனக்கெடவில்லை. அமெரிக்கத் தளபதி மெக்கார்தர் பிலிப்பைன்ஸில் இறங்கும்போது பக்கவாட்டில் பாதுகாப்பு வேண்டும் என்றுதான் இந்தத் தீவு. அவர் அக்டோபர் 20 அன்று லெய்ட்டேயில் இறங்கியே விட்டார். பெலெலியூவில் சண்டை ஓய்ந்தது நவம்பர் 27.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அதே செப்டம்பர் 23 அன்று உலித்தி என்ற பவளத்தீவு எதிர்ப்பே இல்லாமல் கிடைத்தது. நூற்றுக்கணக்கான கப்பல்கள் நங்கூரமிட்ட பெரிய தளமாக அதுதான் ஆனது. ரத்தம் சிந்தினால்தான் முக்கியத்துவம் என்றால், உலித்தியை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

வீரர்களின் துணிவை நான் குறை சொல்லவில்லை, இரு தரப்பிலும். ஜப்பானியத் தரப்பில் இருந்த சுமார் 11,000 பேரில் ஏறக்குறைய எல்லோரும் மடிந்தார்கள். 34 பேர் மட்டும் குகைகளிலேயே தங்கிவிட்டார்கள். போர் முடிந்துவிட்டது என்று ஒரு ஜப்பானிய அட்மிரல் வந்து எடுத்துச் சொன்ன பிறகு, 1947 ஏப்ரலில்தான் வெளியே வந்தார்கள்.