மின்சாரக் காருக்குக் கூடுதல் வாரண்டி வாங்கலாமா?

மூன்றாண்டு வாரண்டி முடியவிருக்கும் மின்சாரக் காருக்கு, தனியாகப் பணம் கட்டி அதை நீட்டிப்பது தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். பேட்டரி பழுதானால் பல லட்சம் செலவாகுமே என்ற அச்சம்தான் பலரை வாங்க வைக்கிறது. ஆனால் இந்தியாவில் பெரும்பாலான கார்களின் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்ற தனி வாரண்டி தொடக்கத்திலேயே உண்டு.

ஆகவே நீங்கள் விலை கொடுத்து வாங்குவது எஞ்சிய பாகங்களுக்கான பாதுகாப்பையே: காருக்குள் பொருத்தப்பட்ட சார்ஜர், உயர் மின்னழுத்தத்தை 12 வோல்ட்டாகக் குறைக்கும் கன்வெர்ட்டர், ஏசி கம்ப்ரசர், தொடுதிரை போன்றவை. இவற்றைப் பிரித்துச் சரிசெய்யத் தெரிந்த மெக்கானிக்குகள் வெளியில் இன்னும் அரிது என்பதாலும், சர்வீஸ் சென்டரில் பெரும்பாலும் முழுப் பாகத்தையே மாற்றிவிடுவதாலும், ஒரே ஒரு பழுதின் செலவு வாரண்டிக் கட்டணத்தைத் தாண்டிவிடக்கூடும். காரை இன்னும் நான்கைந்து ஆண்டுகள் வைத்திருப்பீர்களானால், வாங்குவதே நல்லது என்பேன்.

பணம் கட்டுமுன், மேற்சொன்ன பாகங்கள் ஒப்பந்தத்தில் பெயர் குறிப்பிட்டுச் சேர்க்கப்பட்டுள்ளனவா என்று அவசியம் படித்துப் பாருங்கள். டயர், பிரேக் பேடு போன்ற தேய்மானப் பொருள்கள் பொதுவாக இதில் சேரா. மழைவெள்ளம் புகுந்த சேதத்துக்கும் காப்பீட்டைத்தான் நாட வேண்டும்.