சீதன வீட்டு நோறா

அன்புள்ள அக்கா,

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலையில் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறேன். போன மாதம் உயர்தர வகுப்புப் பிள்ளைகளோடு நோர்வே நாடகாசிரியர் இப்சனின் 'பொம்மை வீடு' வாசித்தோம். நோறா கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போகிற இடத்தில் வகுப்பே சந்தையாகிவிட்டது. "மூண்டு பிள்ளையளை விட்டிட்டுப் போறவள் என்ன தாய், மிஸ்?" என்று கூடக் கத்தினது பெண் பிள்ளைகள்தான். கடைசி வாங்கில் இருந்த ஒருத்தி மட்டும், "சீதன வீடெண்டால் அவள் ஏன் மிஸ் போகவேணும்? அந்தாளையெல்லோ போகச் சொல்லவேணும்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்தபிறகு, சிரித்திருக்கக்கூடாது என்று பட்டது. கூடப் படிப்பிக்கிற ஓர் ஆசிரியரோ, "எங்களுக்குக் கண்ணகி இருக்க, நோர்வேக்காரி எதுக்கு?" என்கிறார். இந்த நாடகத்தை இந்த ஊரில் எப்படிப் படிப்பிப்பது?

ஒரு வாசகி, கொக்குவில்

அன்புள்ள தங்கச்சிக்கு,

கடைசி வாங்குப் பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லுங்கள். அவளிடம் பிறகு வருகிறேன்.

முதலில் கத்தின பிள்ளைகள். அவர்களுக்கு நல்ல துணை இருக்கிறது. நாடகம் முதலில் மேடையேறியது 1879 டிசெம்பர் 21இல், கொப்பன்ஹேகனில். அடுத்த வருஷம் ஜெர்மனியில் நோறாவாக நடிக்க இருந்த நடிகை, 'என் பிள்ளைகளை விட்டு நான் போகவே மாட்டேன்' என்று ஒற்றைக்காலில் நின்றார். வேறு யாரோ கைவைத்துக் கெடுக்கமுதல் தானே செய்துவிடுவோம் என்று இப்சன் இன்னொரு முடிவு எழுதிக்கொடுத்தார். அதில் நோறாவின் புருசன் ஹெல்மர் அவளைப் பிள்ளைகள் படுத்திருக்கிற அறை வாசலுக்கு இழுத்துப்போவான், அவள் அங்கேயே சரிந்துவிடுவாள். அந்த முடிவைக் காட்டுமிராண்டித்தனம் என்று சொன்னவரும் இப்சன்தான்.

ஆனால் பிள்ளையை விட்டுவந்த இன்னொரு தாயும் அதே வீட்டுக்குள் இருக்கிறாள். செவிலி ஆன்-மேரி. நோறாவை வளர்க்கிற வேலைக்காகத் தன் மகளை அந்நியரிடம் கொடுத்தவள். அவளை 'என்ன தாய்' என்று உங்கள் வகுப்பில் யாராவது கேட்டார்களா? கேட்டிருக்கமாட்டார்கள். குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போகிற தாயையும் 'குடும்பத்துக்காகப் போனவள்' என்றுதான் பொறுத்துக்கொள்கிறோம். சம்பளத்துக்காகப் பிள்ளையை விடலாம். 'நான் ஆர் எண்டு எனக்குத் தெரியவேணும்' என்று விட்டால்தான் எங்களுக்குப் பொறுக்காது.

எனக்கு இந்த நாடகத்தில் கதவைவிடக் கடதாசிதான் பெரிது. நோறாவுக்குப் புருசனின் உயிரைக் காப்பாற்ற அவனை இத்தாலிக்குக் கூட்டிப்போகவேணும். அதற்கு 4,800 குறோணர் கடன். புருசன் சம்மதமில்லாமல் மனைவி கடன்பட முடியாது. அதனால் தகப்பனைப் பிணைகாட்டி, அவருடைய கையெழுத்தைத் தானே வைக்கிறாள். தகப்பன் செத்தது செப்டெம்பர் 29. கையெழுத்துக்குக் கீழே கிடக்கிற திகதி ஒக்டோபர் 2. செத்து மூன்றாம் நாள் கையெழுத்து வைத்த மனுசன்!

இதை வாசித்தபோது எனக்குப் பெரியம்மா ஞாபகம்தான் வந்தது. 1985, மகனை ஜெர்மனிக்கு அனுப்பவேணும். அவவின் பேரில் ஆறு பரப்புத் தோட்டக்காணி, சீதனமாக வந்தது. அதை ஈடு வைக்கலாம் என்றால் பெரியப்பா கையெழுத்து வைக்கவேணும். மறுத்தாரா என்றால் அதுவும் இல்லை. சாய்மனைக்கதிரையில் இருந்தபடி "பாப்பம்" என்றார். மூன்று கிழமை பார்த்தார். குடி கிடையாது, கை நீட்டினதும் கிடையாது, ஊரில் நல்ல பெயர். கடைசியில் ஒருநாள் உறுதி முடிக்கிற நொத்தாரிசை வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். நான் தேத்தண்ணித் தட்டோடு நின்று பார்த்தேன். பெரியப்பா கண்ணாடியை வேட்டித் தலைப்பில் துடைத்து, ஆறுதலாகக் கையெழுத்து வைத்தார். பிறகு பேனையை மூடித் தன் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். காணிக்காரி பக்கத்தில் நிற்கிறா. அவவுக்கு நொத்தாரிசுதான் தன் பேனையைக் கொடுத்தார்.

இது பெரியப்பாவின் குணம் மட்டுமில்லை, சட்டம். தேசவழமைக்கு, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டத்துக்கு, உட்பட்ட மனைவி தன் பேரில் உள்ள காணி பூமியையும் புருசனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது என்று 1911ஆம் ஆண்டு யாழ்ப்பாணக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. 1923இல் வந்த விவாகமான பெண்களின் ஆதனச் சட்டம் நாட்டில் மற்றப் பெண்கள் பலருக்கு இந்தக் கட்டை அவிழ்த்துவிட்டது. எங்களைத் தொடவில்லை.

நகைக்கு அந்தக் கையெழுத்து தேவையில்லை. அந்த மூன்று கிழமைக்குள் பெரியம்மாவின் காப்புகள் சத்தமில்லாமல் அடைவுகடைக்குப் போயிருந்தன. உங்கள் சக ஆசிரியருக்கு இதைச் சொல்லுங்கள்: கண்ணகி கையிலும் இருந்தது நகைதான். 'சிலம்பு உள கொண்ம்' என்று சிரித்த முகத்தோடு எடுத்துக் கொடுத்தவள். ஆனால் மதுரையில் வைத்து, 'போற்றா ஒழுக்கம் புரிந்தீர்' என்று புருசனின் முகத்துக்கு நேரே சொன்னவளும் அவள்தான். அந்த வரியை நாங்கள் மேடையில் விரைவாகக் கடந்துவிடுகிறோம். வழக்குரைக்கிற கண்ணகிதான் எங்களுக்கு வசதி, அவள் கோபம் அரசன்மேல்.

வகுப்பில் ஓர் இடத்தை நடித்துப் பார்க்கவிடுங்கள். கள்ளக் கையெழுத்து வெளிவந்து தன் பெயர் கெடும் என்று பயந்திருந்த ஹெல்மர், கடன்பத்திரம் திரும்பிவந்ததும் கத்துகிறான்: "நான் தப்பிவிட்டேன், நோறா, நான் தப்பிவிட்டேன்!" அவள் கேட்கிறாள்: "அப்ப நான்?" இரண்டே சொல். அதற்குச் சற்றுமுன்தான் அவளிடம் பிள்ளைகளை வளர்க்கவிடமாட்டேன் என்றவன், இப்போது எல்லாம் மன்னித்தாயிற்று என்கிறான். அவனும் குடிகாரனில்லை, ஊரில் நல்ல பெயர். அந்த 'அப்ப நான்'-ஐ எந்தத் தொனியில் சொல்வது என்று பிள்ளைகள் அடிபடட்டும். கதவுச் சத்தத்துக்கு அவசரமில்லை.

இனிக் கடைசி வாங்கு. நோறா போனது ஹெல்மரின் வீட்டை விட்டு. எங்கள் ஊரில் பெரும்பாலும் வந்து குடியிருக்கிறவன் மாப்பிள்ளை. கிணறு அவளுடையது, விறாந்தை அவளுடையது, அந்தச் சாய்மனைக்கதிரைகூடப் பெரியம்மாவின் தகப்பன் செய்வித்துக் கொடுத்தது. நியாயப்படி படலையைத் திறந்து காட்டவேண்டியவள் அவள். காட்டினாலும் என்ன? அவன் போவான், அவன் கையெழுத்தின் தேவை போகாது. புருசன் கைவிட்டுப் போனாலோ, இருக்கிற இடம் தெரியாவிட்டாலோ, காரணமில்லாமல் மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம் என்று அதே சட்டம் வழி விட்டிருக்கிறது. சொந்தக் காணிக்கு நீதிமன்ற வாசலில் நிற்கிற வழி. போருக்குப் பிறகு, காணாமல்போன புருசனின் படத்தோடு நிற்கிறவளுக்கும் அதே வாசல்தான்.

ஆகவே அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, தன் அம்மாவின் சீதன உறுதியை ஒருமுறை வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நாடகத்தை மேடையேற்றுவதாக இருந்தால் எனக்கு எழுதுங்கள். பெரியம்மாவின் றங்குப்பெட்டி இப்போது என்னிடம்தான் இருக்கிறது, பூட்டு கொஞ்சம் இறுக்கம். சாய்மனைக்கதிரை அண்ணா வீட்டில். கேட்டுப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அக்கா