பழைய வண்டியை வைத்திருப்பதா, புதியதை வாங்குவதா: வேலூர் வட்டாரக் கார் ஆர்வலர்களின் கேள்விகளும் பதில்களும்

காட்பாடியில் பட்டறை நடத்துபவன் என்ற முறையில், இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதியிருக்கிறேன். எந்த வண்டிக்கு எவ்வளவு விலை கிடைக்கும் என்று மட்டும் கேட்டிருந்தவர்கள் பொறுத்தருள வேண்டும். வண்டியைப் பார்க்காமல் விலை சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை.

சத்துவாச்சாரி: அப்பா வாங்கிய 1996 பிரீமியர் பத்மினி நல்ல ஓட்டத்தில் இருக்கிறது. வீட்டில் ஒரு வண்டி நிறுத்தத்தான் இடம். இதை வைத்துக்கொள்வதா, விற்றுவிட்டுப் புதியது வாங்குவதா?

ஒரே வண்டிக்குத்தான் இடம் என்றால், அந்த ஒரு வண்டி பத்மினியாக இருக்கக் கூடாது என்பதே என் கருத்து. நள்ளிரவில் ஒருவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தாலும், விடியற்காலையில் சென்னை விமான நிலையத்துக்குக் கிளம்ப வேண்டியிருந்தாலும், உடனே கிளம்பும் வண்டி ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். பழைய வண்டியை ஒரே வண்டியாக வைத்துக்கொண்டு அதன்மீது எரிச்சல் வளர்த்துக்கொண்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்; ஆசையாக வைத்திருந்த வண்டியையே கடைசியில் அவர்கள் காயலான் கடைக்காரரிடம் தள்ளிவிடுகிறார்கள். உறவினர் வீட்டிலோ வாடகைக்கோ இன்னொரு கொட்டகை கிடைக்குமானால் நிலைமை வேறு. பத்மினியின் 1089 சிசி எஞ்சின் எந்த லேத் பட்டறையிலும் சிலிண்டரைக் கடைந்து புதுப்பிக்கக்கூடியது. உதிரி பாகங்களைப் பொறுத்தவரை, வேலூரில் கிடைக்காததைச் சென்னை புதுப்பேட்டையில் தேடி எடுத்துவிடலாம்.

செலவையும் கணக்கில் வையுங்கள். சொந்தக் காரின் பதிவு முதல் 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 ஆண்டுகளைத் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் அது 10,000 ஆக்கப்பட்டது. பசுமை வரி இதற்கு மேல். உங்கள் வண்டி 2011, 2016, 2021 என்று முறையாகப் புதுப்பிக்கப்பட்டிருந்தால், அடுத்த முறை 2026-இல் வரும். ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போகும் முன், சேஸி எண் பொறித்த இடத்தைத் துடைத்து, காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பாருங்கள். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண் அப்படியே தெளிவாக விழ வேண்டும். துருவோ பெயிண்டோ ஓர் எழுத்தை மறைத்திருந்தால்கூட அங்கே பல நடை நடக்க நேரிடும்.

குடியாத்தம்: 1984 அம்பாசடர், பெட்ரோல். மே மாத வெயிலில் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் கழித்துத் தானாகவே ஸ்டார்ட் ஆகிறது. மெக்கானிக் எஞ்சினை இறக்கச் சொல்கிறார்.

எஞ்சினை இறக்க வேண்டாம். இது நம் ஊர் வெயிலுக்கே உரிய தொல்லை. பெரும்பாலும் வேப்பர் லாக்தான். அந்த வண்டியில் பெட்ரோல் பம்ப் எஞ்சினோடு ஒட்டியே பொருத்தப்பட்டிருக்கும். 40 டிகிரியைத் தாண்டும் நாளில், மெதுவாக நகரும் நெரிசலில், பம்புக்குள்ளும் குழாய்க்குள்ளும் இருக்கும் பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது. பம்பால் திரவத்தைத் தள்ள முடியும். ஆவியைத் தள்ள முடியாது. சூடு தணிந்ததும் ஆவி மீண்டும் திரவமாகிறது, வண்டியும் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பிவிடுகிறது.

ஆனால் சூடேறிய இக்னிஷன் காயிலும் (பொறிக்கு மின்சாரம் தரும் சுருள்) இதே அறிகுறியைக் காட்டும் என்பதால் முதலில் பிரித்தறிய வேண்டும். வண்டி நின்றவுடன் ஒரு பிளக் வயரைக் கழற்றி, வேறொரு பிளக்கைச் செருகி, அதை எஞ்சின்மீது வைத்து, ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுழற்றிப் பாருங்கள். பொறி நீலமாகப் பளிச்சென்று வந்தால் காயில் நன்றாக இருக்கிறது. அடுத்து, வயரை மாட்டிவிட்டு, காயிலுக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்து, கார்புரேட்டருக்குள் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பாகம்) போகும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு மறுபடி சுழற்றுங்கள். பெட்ரோல் விட்டுவிட்டுப் பீய்ச்ச வேண்டும். வெறும் குமிழியும் காற்றும் வந்தால் சந்தேகமே இல்லை. (அருகில் பீடி, சிகரெட் பிடிப்பவர் யாரும் இருக்கக் கூடாது.) அந்த நேரத்துக்குப் பம்பின்மீது ஈரத்துணி போட்டால் போதும். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால், டேங்க் பக்கத்தில் ஓர் எலெக்ட்ரிக் பம்ப் பொருத்தி, எக்ஸாஸ்ட் அருகே போகும் குழாயைத் தள்ளி அமைத்து, வெப்பம் தாங்கும் உறையையும் போட்டுவிடுங்கள்.

கூடவே ஒன்று: ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீர் ஊற்றாதீர்கள். நம் பகுதியின் உப்புத் தண்ணீர் ரேடியேட்டர் குழாய்களில் சுண்ணாம்பாகப் படிந்து அடைத்துவிடும். காய்ச்சி வடித்த நீரும் கூலண்டும் மட்டுமே ஊற்ற வேண்டும்.

வாலாஜாபேட்டை: இப்போது எல்லா பெட்ரோல் பங்கிலும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கதி என்ன?

கதி ஒன்றும் ஆகிவிடாது. வேலை கொஞ்சம் இருக்கிறது. 2023 ஏப்ரலுக்குப் பின் வந்த கார்களின் குழாய்களும் சீல்களும் இந்தக் கலவையைத் தாங்கும் பொருளில் செய்யப்பட்டவை. பழைய வண்டியின் சாதாரண ரப்பர் குழாய், கார்க் கேஸ்கெட், கார்புரேட்டர் டயஃப்ரம் ஆகியவை எத்தனாலில் ஊறி உப்பும் அல்லது விறைத்து வெடிக்கும். அவற்றை எத்தனால் தாங்கும் வகையில் மாற்றிவிடுங்கள். இரண்டாவது, காற்றுக் கலவை. ஒரு பங்கு பெட்ரோல் எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். சென்சார் உள்ள வண்டி இதைத் தானே சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு இல்லை. கலவையில் எரிபொருள் குறைந்து எஞ்சின் கூடுதலாகச் சூடேறும். மெயின் ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை) ஓரிரு அளவு பெரிதாக்க வேண்டியிருக்கும். எத்தனால் கலப்புக்கென வடிவமைக்கப்படாத நான்கு சக்கர வண்டிகளில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் வரை குறையக்கூடும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. மூன்றாவது, எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தும் வண்டியின் டேங்க் அடியில் தண்ணீர் பிரிந்து நிற்கும், துரு பிடிக்கும். ஆகவே ஓட்டுங்கள், நிறுத்திவைத்து அழகு பார்க்காதீர்கள்.

ஆம்பூர்: 2012 மாடல் ஐரோப்பிய சொகுசு செடான் ஒன்று சென்னையில் ஐந்து லட்சத்துக்கு வருகிறது. புதிய சிறிய காரின் விலைகூட இல்லை. வாங்கலாமா?

வேண்டாம். பழையதா புதியதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். உண்மையான பள்ளம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பத்மினியில் கெட்டுப்போகக்கூடியதை லேத்காரர் கடைந்து தருவார். புதிய வண்டியில் கெட்டுப்போவதை வாரண்டி பார்த்துக்கொள்ளும். நீங்கள் சொல்லும் வண்டிக்கு இரண்டும் இல்லை. அதன் கியர்பாக்ஸை இயக்குவது ஒரு கணினிப் பலகை, சஸ்பென்ஷனை இயக்குவது இன்னொன்று. ஒன்று போனாலும் புதிய பாகத்தின் விலை வண்டி விலையில் பெரும்பகுதியை விழுங்கும். அதைப் பழுது பார்க்கும் ஆளும் ஆம்பூரில் கிடைக்கமாட்டார், சென்னைக்கோ பெங்களூருக்கோ இழுவை வண்டியில்தான் ஏற்ற வேண்டியிருக்கும். வாங்கும்போது விலை குறைந்திருக்கிறதே தவிர, பராமரிப்புச் செலவு முப்பது, நாற்பது லட்சம் ரூபாய் வண்டிக்கு உரியதாகவே நிற்கிறது. ஒரு வண்டி எத்தனை ஆண்டு பழையது என்பதைவிட, அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கையும் அதற்கான பாகமும் நமக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றனவா என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

சென்னை வண்டி என்பதால் இன்னொரு எச்சரிக்கை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கியவை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் மண் கோடு இருந்தால் பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள். கடற்கரை ஓரத்து வண்டிகளில் கதவுக்குக் கீழுள்ள தகட்டையும் டிக்கியின் தரையையும் காந்தம் வைத்துப் பார்க்க வேண்டும். பட்டி பூசி மறைத்த இடத்தில் காந்தம் ஒட்டாது. துருவைப் பொறுத்தவரை நம் வேலூர் வட்டாரத்து வண்டிகள் எவ்வளவோ மேல்.

ராணிப்பேட்டை: எத்தனால் பெட்ரோலால் என் 2004 சான்ட்ரோ பழுதாகுமா?

வாலாஜாபேட்டைக்காரருக்குச் சொன்னதேதான். உங்களுடையது சென்சார் உள்ள வண்டி என்பதால் ஜெட் மாற்றும் வேலை இல்லை. ரப்பர் குழாய்களை மட்டும் பாருங்கள்.

பாகாயம்: பழைய அம்பாசடரின் தகடு கெட்டி, அதுதான் பாதுகாப்பு, புதிய கார் தொட்டாலே நசுங்குகிறது என்கிறார் என் மாமனார். குழந்தைகளோடு பெங்களூர் போக எது நல்லது?

மாமனாரிடம் மரியாதையோடு மறுத்துச் சொல்லுங்கள். மோதும்போது வண்டி நசுங்காவிட்டால், அந்த அடி உள்ளே இருப்பவர்கள்மேல் இறங்கும். முன்பகுதி நசுங்கி அடியை வாங்கிக்கொள்ள, பயணிகள் அமரும் கூடு மட்டும் உறுதியாக நிற்க வேண்டும் என்ற அமைப்பை மெர்சிடிஸ் 1959-லேயே விற்பனைக்கு வந்த காரில் கொண்டுவந்துவிட்டது. அம்பாசடரோ அதற்கும் முந்தைய மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வடிவம். 2009-இல் அமெரிக்காவின் ஐ.ஐ.எச்.எஸ். என்ற சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1959 செவர்லே பெல் ஏர் காரையும் 2009 செவர்லே மலிபு காரையும் நேருக்கு நேர், சுமார் 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டது. கெட்டித் தகட்டுப் பெல் ஏரின் கூடு குலைந்து, அதன் ஓட்டுநர் பிழைத்திருக்கமாட்டார் என்று முடிவாயிற்று. மலிபு ஓட்டுநருக்குக் காலில் சிறு காயம் ஏற்பட்டிருக்கும், அவ்வளவுதான்.

திருப்பத்தூரிலிருந்து மறுப்பு: எங்கள் அம்பாசடர் ஒருமுறை லாரியை உரசியும் கீறலோடு வீடு வந்து சேர்ந்தோம். புதிய காரை ஒரு டூவீலர் இடித்ததற்குப் பம்பரே கழன்றுவிட்டது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

மெதுவான உரசலில் உங்கள் வண்டி வென்றது உண்மைதான். பம்பர் உடைவது பணச் செலவு. அதைப் பாதுகாப்புக் குறைவு என்று கணக்கிட முடியாது. நெடுஞ்சாலை வேகத்தில், பழைய அம்பாசடரின் மடங்காத ஸ்டியரிங் தண்டு ஓட்டுநரின் நெஞ்சுக்கு நேராக நிற்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆற்காட்டிலிருந்து: ஐம்பதைத் தாண்டாமல் ஓட்டினால்?

நீங்கள் ஐம்பதில் போவீர்கள். பின்னால் வரும் கன்டெய்னர் லாரியும் ஐம்பதில்தான் வரும் என்று யார் உறுதி தருவது? சென்னை-பெங்களூர் சாலையில் தேவைக்கு மேல் மெதுவாகப் போவதும் ஓர் ஆபத்தே. ஊருக்குள் ஓட்டுவதற்கு உங்கள் வாதத்தை ஏற்கிறேன்.

வாணியம்பாடியிலிருந்து: 2014-இல் குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் நம் புதிய கார்களே பூச்சியம் வாங்கினவே. அப்படியானால் புதியது பாதுகாப்பு என்ற உங்கள் பேச்சு நிற்குமா?

நல்ல கேள்வி, இந்த விவாதத்தில் யாராவது இதை எழுப்புவார்கள் என்று காத்திருந்தேன். அன்று சோதித்த ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ ஆகிய ஐந்தின் ஏர்பேக் இல்லாத வகைகளும் பெரியவர் பாதுகாப்பில் பூச்சியமே பெற்றன. ஆகவே பழையது, புதியது என்று பிரிக்கும் கோட்டினை எந்த ஆண்டில் போடுகிறோம் என்பதுதான் முக்கியம். மோதல் சோதனை விதிகள் எல்லாக் கார்களுக்கும் 2019 அக்டோபரில் கட்டாயமாயின. ஏ.பி.எஸ். பிரேக்கும் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) ஓட்டுநர் ஏர்பேக்கும் அதே ஆண்டில் வந்தன. பக்கத்து இருக்கைக்கான ஏர்பேக் 2022 ஜனவரிக்குள் எல்லாக் கார்களிலும் கட்டாயமாகிவிட்டது. 2014-இன் அடிப்படை மாடலை வாங்கிவிட்டு, புதிய வண்டி என்பதால் பாதுகாப்பு என்று நம்புவது, மாமனார் தகட்டை நம்புவதற்குச் சற்றும் குறைந்ததல்ல. பாகாயம் வாசகிக்கு நேரடிப் பதில்: குழந்தைகளோடு பெங்களூர் போக 2022-க்குப் பிந்தைய கார், ஞாயிற்றுக்கிழமை கோட்டையைச் சுற்றி வர அம்பாசடர்.

இந்த விவாதத்தில் இன்னும் பலர் எழுதியிருக்கிறீர்கள். எல்லாமே அனுபவக் கதைகள் என்பதால் இத்தோடு நிறுத்துகிறேன்.

அணைக்கட்டு: அம்பாசடரில் வேறு கம்பெனி டீசல் எஞ்சின் ஏற்றலாமா?

உற்பத்தியாளர் பதிவு செய்த அடிப்படை விவரங்களை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆர்.டி.ஓ. ஒப்புதல் இல்லாமல் கைவைக்காதீர்கள். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கைவிரிக்கும்.

காவேரிப்பாக்கம்: இருபது வருட வண்டிக்கு முழு இன்சூரன்ஸ் கிடைக்குமா?

இது என் துறை அல்ல. இன்சூரன்ஸ் முகவரிடம் கேளுங்கள்.

ஆரணி: தாத்தாவின் 1968 ஸ்டாண்டர்டு ஹெரால்டு கொட்டகையில் கிடக்கிறது. விண்டேஜ் பதிவு செய்யலாமா?

செய்யலாம். 50 ஆண்டுகளுக்கு மேலான, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்கு 2021 ஜூலையில் தனி விதி வந்தது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். எண் பலகையில் வி.ஏ. என்ற எழுத்துகள் இடம்பெறும். ஆனால் அப்பதிவு பெற்றபின் கண்காட்சி, ஊர்வலம், பழுது பார்த்தல், எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். தினசரி ஓட்ட ஆசையிருந்தால் சாதாரணப் பதிவையே புதுப்பியுங்கள். சென்னைக்காரர்கள் கட்டிய கார் அது. ஸ்டார்ட் செய்ய அவசரப்படாமல், பிளக் துளைகளில் எண்ணெய் விட்டு, ஒரு நாள் ஊறவிட்டு, முதலில் கையால் சுழற்றுங்கள். டேங்கைக் கழற்றிக் கழுவுங்கள். ரேடியேட்டருக்குள் போர்வெல் தண்ணீர் கூடாது.

பேரணாம்பட்டு: எத்தனால்…

மேலே இரண்டு முறை இருக்கிறது. தயவுசெய்து படிக்கவும்.

காந்தி நகர், கல்லூரி மாணவர்: அண்ணா, கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. கார் வேலை கற்றுக்கொள்ள எது வாங்கலாம்?

தம்பி, 2000-க்குப் பிந்தைய, எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும்) எஞ்சின் உள்ள மாருதி 800 ஒன்றைப் பாருங்கள். 796 சிசி, மூன்று சிலிண்டர். 1983 டிசம்பரிலிருந்து 2014 ஜனவரி வரை வந்த பெயர் என்பதால் பாகம் கிடைக்காத ஊரே இல்லை. மிச்சப் பணத்தை டார்க் ரெஞ்சுக்கும் (அளவோடு நட் முறுக்கும் கருவி) நல்ல ஜாக்கி ஸ்டாண்டுக்கும் வையுங்கள், அலாய் வீலுக்கு வேண்டாம். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது.

ஜோலார்பேட்டை: பத்மினியில் ஏலகிரி ஏறலாமா?

தாராளமாக ஏறும். 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் வெப்பமானியைக் கவனித்துக்கொண்டு, இரண்டாவது கியரில் பொறுமையாக ஏறுங்கள். கவலை இறங்கும்போதுதான். டிரம் பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். ஏறிய அதே கியரிலேயே இறங்க வேண்டும். நியூட்ரலில் உருட்டிப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கக் கூடாது. கிளம்பும் முன் பிரேக் ஆயில் பழுப்பாக இருந்தால் முழுவதும் மாற்றிவிடுங்கள்.