வாசலில் கல் போடப் போகிறீர்களா? கேளுங்கள்

பினாங்கில் முதலில் கல் லோரி ஓட்டினேன், பிறகு கல் பரப்பும் வேலைக்கு மாறினேன். இருபது வருஷம் தாண்டிவிட்டது. விலை மட்டும் கேட்காதீர்கள். குவாரியிலிருந்து உங்கள் வீடு எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்து அது மாறும். மற்றபடி வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே; முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர்.

பாலிக் புலாவ்: பாட்டி வீட்டு முன்னால் இரண்டு கார் நிறுத்த வேண்டும். என்ன கல், எவ்வளவு?

நீளம் 6 மீட்டர், அகலம் 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மேல்மண்ணை வேரோடு வழித்தெடுங்கள். அடியில் நான்கு அங்குலம் கிரஷர் ரன். பெரிய கல், சின்னக் கல், தூள் எல்லாம் கலந்து வரும் கல் அது; தூள் இடுக்கில் புகுந்து பிடித்துக்கொள்ளும். அழுத்திய பிறகு நான்கு அங்குலம் நிற்க வேண்டும் என்றால் 3 கன மீட்டர், அதாவது சுமார் 6 டன்னுக்கு மேல். கொட்டும்போது பொலபொலவென்று இருப்பதால் 4 கன மீட்டர் அளவுக்குக் குவியும். ஏமாற்றிவிட்டான் என்று லோரிக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், அழுத்தினால் அடங்கிவிடும். லேசாக நனைத்து, தட்டு காம்பாக்டர் என்கிற அழுத்தும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து அழுத்துங்கள். அதன்மேல் முக்கால் இஞ்சு கருங்கல் இரண்டு அங்குலம், இரண்டேகால் டன் போதும். களிமண் தரை என்றால் அடிக்கல்லை ஆறு அங்குலமாக்கி, இரண்டு தடவையாகப் போட்டு அழுத்துங்கள். ஒரே தடவையில் கொட்டினால் மேல்தோல் மட்டும்தான் இறுகும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி: தண்ணீர் எங்கே போகும்? 6 மீட்டர் நீளத்துக்கு 12 சென்டிமீட்டராவது சரிவு வேண்டும், அதுவும் வீட்டை விட்டு விலகி.

ஜெலுத்தோங்: அண்ணே, வெள்ளைக் கூழாங்கல் போட்டால் அழகாக இருக்குமே?

உருண்டைக் கல் ஒன்றோடொன்று பிடிக்காது, டயர் புதையும். நம்ம ஊர் ஈரத்தில் பச்சை பிடிக்கும். துளசி மாடத்தைச் சுற்றிப் போடுங்கள்.

பட்டர்வொர்த்: அடியில் பிளாஸ்டிக் விரித்தால் புல் வராதாமே?

வேண்டாம். தண்ணீர் இறங்க வழியில்லாமல் தேங்கி மேல் கல் மிதக்கும். பள்ளம் விழுந்த இடத்தில் ஏடிஸ் கொசு குடித்தனம் நடத்தும். ஜியோடெக்ஸ்டைல் துணி விரியுங்கள், தண்ணீரை விடும், மண்ணைத் தடுக்கும். எது போட்டாலும் நாளடைவில் மேலே விதை விழுந்து புல் முளைக்கும். பிடுங்கத்தான் வேண்டும்.

நிபோங் திபால்: எதற்கு இந்தச் செலவு? எங்கள் தோட்டத்தில் வெறும் செம்மண் சாலைதான். முப்பது வருஷம் ரப்பர் லோரி ஓடியது.

ஐயா, அது செம்மண் இல்லை, சரளை. கையில் எடுத்தால் சின்னச் சின்ன இரும்புக்கல் உருண்டை இருக்கும், இறுகினால் பாறை மாதிரி. இன்றைக்குத் தானா மேரா (மலாயில் செம்மண்) என்று கேட்டால் வருவது பெரும்பாலும் பள்ளம் நிரப்புகிற மண். ஒரு மழைக்குச் சேறு.

அதே நிபோங் திபால்: சரளையோ எதுவோ, கல் போடவில்லையே. கல் விற்பவர் வேறென்ன சொல்வார்!

நான் இப்போது கல் விற்கவில்லை, பரப்புகிறேன். நல்ல சரளை கிடைத்தால் அடிக்குத் தாராளமாகப் போடுங்கள், நானே வந்து அழுத்தித் தருகிறேன். ஆனால் அந்தச் சாலை நடுவில் மேடாக இருந்ததா, இல்லையா? இரண்டு பக்கமும் கால்வாய் இருந்ததா, இல்லையா?

கூலிம்: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் அம்மா அந்த மாதிரி ஒரு தோட்டத்தில் கால்வாய் வெட்டும் கூட்டத்தில் இருந்தார். மழைக்காலம் முழுக்க அதுதான் வேலை.

பார்த்தீர்களா! சாலை தானாக நிற்கவில்லை. அந்த அம்மா மண்வெட்டியோடு நின்றார், அதனால் சாலை நின்றது. உங்கள் வீட்டில் யார் நிற்கப் போகிறார்கள்?

ஆயர் ஈத்தாம்: மூன்று காருக்கு எத்தனை டன்?

மேலே பாட்டி வீட்டுக் கணக்கு இருக்கிறது. ஒன்றரை மடங்கு.

கெலுகோர்: லோரி கேட்டுக்குள் நுழையாது. ரோட்டோரம் கொட்டலாமா?

கொட்டாதீர்கள். பொதுச் சாலையை மறிப்பது 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி குற்றம். மழை வந்தால் தூளெல்லாம் ஓடிக் கால்வாயை அடைக்கும். 2017 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊரில் இதை நான் சொல்ல வேண்டுமா? சின்ன லோரியில் இரண்டு நடையாக வாங்குங்கள். கழிவுத்தொட்டி மூடி எங்கே என்று டிரைவருக்கு முதலில் காட்டுங்கள். தொழிலுக்கு வந்த முதல் வருஷம் என் பின்சக்கரம் ஒன்றுக்குள் இறங்கியது. அந்த வாசம் இன்னும் மறக்கவில்லை.

பாயான் லெப்பாஸ்: கல் சிதறி ரோட்டுக்கு வருகிறது, அண்ணே.

ஓரக்கல் கட்டு, தங்கச்சி.

தஞ்சோங் தோக்கோங்: எங்கள் கொண்டோ கார் நிறுத்துமிடக் கூரை ஒழுகுகிறது.

நிர்வாகத்திடம் போங்கள். நான் தரையோடு சரி.

புக்கிட் மெர்தாஜாம்: ஒரு காருக்கு எத்தனை டன்?

பாதி. பாட்டி வீட்டுக் கணக்கில் பாதி. டன் கேட்பவர்களுக்கு இதோடு பதில் கிடையாது.

நிபோங் திபால்: நான்தான், மறுபடியும். வாசலில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். நேராகப் படிக்கட்டுக்கு வருகிறது.

இன்னும் கல்லுக்குச் சொல்லிவிடாதீர்கள், ஐயா. ஞாயிறு காலை வருகிறேன். வீட்டில் மண்வெட்டி இருக்கிறதா?