அப்பாரு காலத்து பெட்ரோல் டிராக்டர், பிளக்கில் கரண்டே வரவில்லை

கேள்வி: வணக்கமுங்க. பவானி பக்கம், காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் மஞ்சளும் வாழையும் வைத்திருக்கிறோம். அப்பாரு காலத்து பெட்ரோல் ஃபெர்குசன் ஒன்று இருக்கிறது, டிரெய்லர் இழுக்க மட்டும். ஆடி நோம்பிக்கு ஓட்டியதோடு சரி, அப்புறம் சாளைக்குப் பக்கத்துச் சாய்ப்பில் சோளத்தட்டுப் போரை ஒட்டியே நின்றது. இப்போது புது பேட்டரி போட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, பெட்ரோலும் வருகிறது, பிளக்கில் கரண்டே இல்லை. நாலு பிளக்கும் மாற்றியாச்சு. காயில் (பேட்டரி கரண்டை உயர் வோல்ட்டாக்கிப் பிளக்குக்கு அனுப்புவது) போய்விட்டது, பேசாமல் டீசல் இன்ஜினே மாற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். என்ன செய்யட்டுமுங்க?

பதில்: இன்ஜின் மாற்றும் பேச்சை முதலில் விடுங்க தம்பி. இந்த டி.ஈ.20 வகை இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் 1946 முதல் 1956 வரை செய்தது, இன்றைக்கும் ஓடுகிற வண்டி. நம் பக்கம் டிராக்டர் மெக்கானிக் என்றாலே டீசல்தான். டீசலில் பிளக்கும் கிடையாது, கரண்டும் கிடையாது, அமுக்கத்தில் ஏறுகிற சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். அதிலேயே பழகியவருக்கு உங்கள் வண்டியின் டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டப்பா) புரியாததில் தப்பில்லை. பழைய அம்பாசிடர், ஃபியட்டுக்கு சி.பி. பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சேர்ந்து பிரிந்து காயில் கரண்டை விட்டு நிறுத்தும் இரண்டு முனைகள்) வைத்த கை ஒன்று ஈரோட்டுப் பக்கம் கிடைத்தால் அரை நாள் வேலை. கிடைக்காவிட்டாலும் நீங்களே பார்க்கலாம்.

காயில் வாங்கக் கிளம்பும் முன்னால் டேஷில் இருக்கிற ஆம்பியர் மீட்டரைப் பாருங்க. நாலு பிளக்கையும் கழற்றிவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, சாவியைப் போட்டு, முன்னால் ஹேண்டிலைக் கையால் மெதுவாகச் சுற்றச் சொல்லுங்க (கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் இருக்கட்டும், எதிர்ப்பக்கம் சுற்றிப் பிடித்தால் உதைக்கும்போது மணிக்கட்டு போய்விடும்). பாயிண்ட் சேரும்போது முள் கொஞ்சம் நகர்ந்து, பிரியும்போது திரும்பி வர வேண்டும். அப்படி ஆடினால் காயில் வரைக்கும், பாயிண்ட் வரைக்கும் எல்லாம் சரி, கோளாறு கண்டென்சர் (பாயிண்டோடு சேர்ந்த சின்ன உருளை), ரோட்டார் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றும் துண்டு), கேப் (அதன் மூடி), எச்.டி. கம்பி (உயர் வோல்ட் போகும் தடித்த கம்பி) பக்கம். அசையவே இல்லை என்றால் கரண்ட் வழியிலேயே எங்கோ அறுந்திருக்கிறது, இல்லை பாயிண்ட் சேர்ந்தும் சேராமல் இருக்கிறது. ஒரே இடத்தில் நகர்ந்து நின்றுவிட்டால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது உள்ளே எங்கோ பாடியில் தொடுகிறது. செல்ஃப் சுற்றுகிறதே என்று ஏமாற வேண்டாம், அதற்கு பேட்டரியிலிருந்து தனி வழி.

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் என் சந்தேகம் பாயிண்ட் மேல்தான். ஆடியில் நிறுத்திய வண்டி, ஐப்பசி மழையின் ஈரம் முழுக்கக் குடித்திருக்கும். கேப்பின் இரண்டு கிளிப்பைத் தள்ளித் திறந்து, பாயிண்டை நகத்தால் விலக்கிப் பாருங்க, முகத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் தெரியும், அது போதும் கரண்டை நிறுத்த. மெல்லிய உப்புத்தாளை மடித்து நடுவில் விட்டு இரண்டு மூன்று இழுப்பு, அப்புறம் பெட்ரோலில் நனைத்த வெள்ளைத்துணியால் துடைக்க வேண்டும், பலர் இந்தக் கடைசி வேலையை விட்டுவிடுகிறார்கள், உப்புத்தாளின் மணல் ஒரு துகள் நின்றாலும் பழைய கதைதான். பிறகு கேம் (நடுத்தண்டின் மேடு) பாயிண்டை முழுதாகத் திறந்து நிற்கும்போது ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து சுமார் 0.3 மி.மீ. இடைவெளி விடுங்க. பாயிண்டே புதிதாக மாற்றினால் ஃபைபர் வாஷர்கள் எந்த வரிசையில் இருந்தன என்று கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்க. ஒரு வாஷர் இடம் மாறினாலும் பாயிண்ட் பாடியில் சேர்ந்துவிடும், அப்புறம் புதுப் பாயிண்டைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இது என் கை செய்த தப்பு, ஒரு ஞாயிறு முழுக்கப் போயிற்று.

பாயிண்ட் சுத்தம் செய்தும் முள் அசையவில்லையா, ஒரு 12 வோல்ட் சின்ன பல்பில் இரண்டு கம்பி கட்டுங்க. ஒன்று பாடியில், இன்னொன்று காயிலின் சாவிப் பக்கத்து முனையில். எரியவில்லை என்றால் சாவி சுவிட்ச் அல்லது வயர், சோளத்தட்டுப் போர் பக்கத்தில் என்கிறீர்கள், எலி கடித்ததா என்று ஒரு முறை தடவிப் பாருங்க. அங்கே எரிந்தால் காயிலின் மறு முனையில் வைத்து, பாயிண்டைக் கையால் திறந்து மூடுங்க. திறக்கும்போது எரிந்து, மூடும்போது அணைய வேண்டும். திறந்தும் எரியவே இல்லை என்றால் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகிற வயரை அந்த முனையிலிருந்து கழற்றுங்க, இப்போது எரிந்தால் கோளாறு டிஸ்ட்ரிபியூட்டருக்குள், அப்போதும் எரியாவிட்டால்தான் காயில் போயிருக்கிறது. மெக்கானிக் சொன்னதை அப்போது ஒத்துக்கொள்ளலாம். சாவியைப் போட்டபடியே ராத்திரி விட்டிருந்தால் காயில் வெந்து போவதும் உண்டு.

முள் நன்றாக ஆடுகிறது, ஆனால் பிளக்கில் மட்டும் இல்லை என்றால் காயிலின் நடுக்கம்பியைக் கேப்பிலிருந்து உருவி, பெட்ரோல் வாடை இல்லாத இடத்தில், ரப்பர் கைப்பிடி இடுக்கியால் பிடித்து, பாடியிலிருந்து 5 மி.மீ. தள்ளி வைத்துச் சுற்றச் சொல்லுங்க. நீல நிறத்தில் சடசடவென்று அடித்தால் நல்லது. மஞ்சளாக, நூல் மாதிரி வந்தால் கண்டென்சரை மாற்றுங்க, விலை சொற்பம். நீலமாக அடித்தும் பிளக்கில் இல்லையென்றால் ரோட்டார்தான். அதே கம்பியை ரோட்டாரின் பித்தளைத் தலைக்கு மேலே கொஞ்சம் தள்ளிப் பிடியுங்க, பொறி அதன்மேல் பாய்ந்தால் ரோட்டார் உள்ளே கசிகிறது, தூக்கிப் போடலாம். கேப்பின் நடுவில் ஸ்பிரிங்கோடு இருக்கிற கரித்துண்டு இருக்கிறதா என்றும் பாருங்க, திறக்கும்போது கீழே விழுந்து மண்ணில் காணாமல் போகிற சாமான் அது.

இன்னொன்று, புது பேட்டரியை எப்படிக் கொடுத்தார்கள்? இந்த வண்டிக்கு பாசிட்டிவ்தான் பாடியில் எர்த், இப்போதைய வழக்கத்தில் நெகட்டிவை பாடிக்குக் கொடுத்திருப்பார்கள். அதனால் மட்டும் கரண்ட் நின்றுவிடாது, ஆனால் பொறியின் வலு குறையும், ஆம்பியர் மீட்டர் தலைகீழாகக் காட்டும், டைனமோவும் சரியாகச் சார்ஜ் செய்யாது. பிளக் கம்பிகளைக் கழற்றிப் போட்டிருந்தால் ரோட்டார் சுற்றும் திசையில் 1-3-4-2 வரிசையில் மாட்டுங்க. டிஸ்ட்ரிபியூட்டரின் கிளாம்ப் போல்ட்டை மட்டும் தொட வேண்டாம், அது டைமிங், அதாவது பொறி விழுகிற நேரம்.

பல்பு எந்த முனையில் எரிந்தது, எதில் எரியவில்லை என்று எழுதுங்க, அடுத்ததைச் சொல்கிறேன்.